கல்லூரியில் கவிதைப் பட்டறை: கவிஞரையும் மாணவரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது எப்படி

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் துறைத் தலைவர் கூப்பிட்டு, “தமிழ் மன்றத்தை இந்த வருசம் நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டாரா? பழைய கோப்பைத் திறந்தால் என்ன இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். ஒரு கவியரங்க அழைப்பிதழ், பொன்னாடை வாங்கிய ரசீது, சிறப்பு விருந்தினரை நடுவில் நிறுத்தி எடுத்த குழுப்படம். மாணவர் எழுதிய கவிதை ஒன்றுகூட அதில் இருக்காது.

கொங்குப் பக்கத்துக் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே கல்வியாண்டுக்குள் இருபது மாணவர்களை எழுதவைத்து, அவர்களுடைய கவிதைகளையும் பெயர்பெற்ற கவிஞர்களின் கவிதைகளையும் சேர்த்து 80 பக்கத்தில் ஒரு தொகுப்பு கொண்டுவந்துவிடலாம். ஒரே நிபந்தனைதான். கவிஞரை மேடையில் ஏற்றக் கூடாது. மேசைக்கு அழைத்துவர வேண்டும். அவர் கவிதையும் மாணவர் கவிதையும் ஒரே சல்லடையில் விழ வேண்டும். கீழே நான் சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

ஆள் சேர்ப்பது

அறிவிப்புப் பலகையில் ‘கவிதைப் போட்டி’ என்று எழுதாதீர்கள். போட்டி என்றால் பள்ளியிலேயே அடுக்குமொழி பேசிக் கோப்பை வாங்கிப் பழகியவர்கள் வருவார்கள். வரட்டும், தப்பில்லை. நாம் தேடுகிற ஆள் பெரும்பாலும் கடைசி பெஞ்சில், நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாருக்கும் காட்டாமல் எழுதிக்கொண்டிருப்பார். பி.காம்., வேதியியல், கணினி அறிவியல் வகுப்புகளுக்கு நீங்களே நேரில் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல கைகளில் பாதிப் பேர் தமிழ்த்துறைக்கு வெளியே இருந்து வந்தவர்கள். முதல் வாரம் ஐம்பது பேர் பெயர் கொடுப்பார்கள். மூன்றாம் வாரம் இருபது பேர் மிஞ்சினால் போதும்.

நேரம்தான் சிக்கல். மாலையில் வைத்தால் கல்லூரிப் பேருந்து போய்விடும். திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் வகுப்பு முடிந்ததும் பனியன் கம்பெனிக்கோ தறிகுடோனுக்கோ வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்குக் கூப்பிட்டால் நாம்தான் தனியாக உட்கார்ந்திருப்போம். வாரத்தில் ஒருநாள் கடைசி இரண்டு பாடவேளையை முதல்வரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்மொழி அனுமதி ஆகஸ்டு மாதத்தைத் தாண்டாது.

முதல் மாதம் எழுதச் சொல்லாதீர்கள்

நான்கு வாரம் வாசிப்பு மட்டும். இந்த மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1971இல் கோவையிலிருந்து வானம்பாடி என்ற கவிதை இதழ் வந்தது. ‘விலையிலாக் கவிமடல்’ என்று போட்டுக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்தவர்களில் பலர் நம்மைப் போலச் சாக்பீஸ் பிடித்தவர்கள். சிற்பி பொள்ளாச்சியில் கல்லூரித் தமிழாசிரியர். புவியரசு பள்ளித் தமிழாசிரியர். பின்னால் சிற்பிக்கு 2002க்கும் புவியரசுக்கு 2009க்குமான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதைச் சொன்னால் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். கவிதை சென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்று யாரோ அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. வானம்பாடிக் குரல் உரத்த குரல். மாணவர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டால் அடுத்த வாரம் உங்கள் மேசையில் ஆச்சரியக்குறிகள் குவியும், ‘மானுடமே!’ என்று தொடங்கி ‘விழித்தெழு!’ என்று முடியும். ஆகவே அடுத்த வாரமே அதே கோவையில் பிறந்த கவிஞர் சுகுமாரனை வாசிக்கக் கொடுங்கள். தணிந்த குரல், தனி மனிதனின் வெக்கை. ஒரே ஊரிலிருந்து இப்படி இரண்டு குரல். இரண்டையும் உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, எங்கே மூச்சு விட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். வரி ஏன் அங்கே முறிகிறது என்பதை இதைவிட எளிதாகச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் வீட்டுப்பாடம் உண்டு. ஆத்தாவோ அமுச்சியோ பாடும் ஒப்பாரி, கும்மி, தாலாட்டு எதுவானாலும் நான்கு வரி போனில் பதிவுசெய்து வரட்டும். கோயிலில் உடுக்கடித்து அண்ணமார் கதை கேட்ட பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை வைத்து ஒரு வகுப்பே நடத்தலாம். தாளம் தங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாப்பு என்றால் பயப்பட மாட்டார்கள்.

சொல் சேகரிப்பு, அப்புறம் தடைப் பட்டியல்

ஐந்தாம் வாரம் ஒவ்வொருவரும் வீட்டிலும் வேலையிடத்திலும் புழங்குகிற, பாடப்புத்தகத்தில் வராத பத்துச் சொற்களைக் கொண்டுவர வேண்டும். முதலில் வெட்கப்படுவார்கள். “இதெல்லாம் எழுதலாமுங்களா மேடம்?” என்று கேட்பார்கள். ஒருவர் ஆரம்பித்துவிட்டால் பலகை நிறைந்துவிடும்: கட்டுத்தரை, தொண்டுப்பட்டி, சாளை, இட்டேரி, கிளுவை வேலி, கொறங்காடு. தறிக்காரர் வீட்டுப் பையன் பாவு, ஊடை, நாடா என்பான். பனியன் கம்பெனிக்குப் போகிற பெண் கைமடி, பிசிறு, ஓவர்லாக், செக்கிங் என்பாள். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளிவந்தது. நூலகத்தில் இருந்தால் எடுத்து மேசைமேல் வையுங்கள். தங்கள் வீட்டுச் சொல் அச்சில் கிடப்பதைப் பார்ப்பது பாதி பாடம்.

சரி, சொல் வந்துவிட்டது. இனி எழுதச் சொல்லும்போது ஒரு தடைப் பட்டியல் கொடுங்கள். என்னுடையது: நிலா, வானம், கண்ணீர், தியாகம், இதயம், கனவு, ஆச்சரியக்குறி. ஒரு மாதத்துக்கு மட்டும்தான் தடை. நிலா பாவம், அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

ஒரு கவிதை எப்படி மாறும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். முதல் வரைவு இப்படி வரும்:

அம்மா ஒரு தியாகச் சுடர்
பனியன் கம்பெனியில்
பிசிறு வெட்டி வெட்டித்
தன் வாழ்வையே வெட்டிக்கொண்டாள்
எங்களுக்காக!

இதைக் ‘கிளிஷே’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. ஒரு கேள்வி போதும்: “அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்?” பதில் உடனே வரும்: “வாசல்லயே நின்னு முந்தானைய ஒதறுவாங்க.” அதை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து இப்படி வந்து நிற்கும்:

ராத்திரி ஒன்பதரைக்கு
வாசலிலேயே நின்று
முந்தானையை உதறுவாள்.
மஞ்சளாய் விழுந்தால்
மஞ்சள் ஆர்டர்.
இந்த வாரம்
எதுவும் விழவில்லை.

தியாகம் என்ற சொல் போய்விட்டது. ஆர்டர் இல்லாத வாரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது, சொல்லாமலே உள்ளே வந்துவிட்டது. இதற்குக் கீழே ‘அடுப்பும் எரியவில்லை’ என்று இன்னொரு வரி எழுதப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மாணவர் கவிதையின் கடைசி இரண்டு வரி பெரும்பாலும் முந்தைய வரிகளுக்குப் பொழிப்புரையாக இருக்கும். கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை கவிதை பிழைத்துக்கொள்ளும்.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. போனில் கேட்டால் அதுவே கவிதை எழுதித் தருகிறது. துப்பறியப் போகாதீர்கள். எல்லா வரைவையும் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு நோட்டில் வைத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடித்தல் இல்லாத நோட்டு தானே பேசும்.

கவிஞரை அழைப்பது

ஆண்டுக்கு மூன்று கவிஞர் போதும். ஒவ்வொருவரும் இரண்டு முறை வர வேண்டும். ஒரு முறை வந்து போகிறவர் விருந்தினர், இரண்டாம் முறை வரும்போதுதான் “அந்தப் பிசிறுக் கவிதை என்னாச்சு?” என்று கேட்பார். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். எல்லாரையும் பேராசிரியர்களாகவே பிடிக்காதீர்கள். வங்கி, மருந்துக் கடை, மின்வாரியம், தோட்டம் என்று வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதுகிற கவிஞர்கள் இந்தப் பக்கம் உண்டு. எழுதுவதற்கு நேரம் எங்கே கிடைக்கிறது என்று மாணவர் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.

அழைப்புக் கடிதத்தில் நாள், நேரம், வந்துபோகும் செலவு, மதிப்பூதியம் எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். கவிஞர்கள் காசைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவார்கள், நாமும் சொல்லக் கூச்சப்படுவோம், கடைசியில் அவர் பஸ் செலவு அவருடையதாகப் போகும். பணத்தை அன்றைக்கே கையில் கொடுக்கும்படி முன்பணம் எடுத்து வையுங்கள். வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள்; 5000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். “செக் அனுப்பிவைக்கிறோமுங்க” என்று சொல்லி அனுப்பிய கவிஞர் ஒருவருக்கு ஏழு மாதம் கழித்துத்தான் அது போய்ச் சேர்ந்தது. எனக்கு அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை.

கடிதத்தில் இரண்டு விஷயத்தை மறக்காமல் கேளுங்கள். முதலாவது, முடியாத கவிதை ஒன்றை வரைவாகக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது, தொகுப்புக்கு நான்கு கவிதை தர வேண்டும், அதில் ஒன்றிரண்டுதான் எடுக்கப்படும், எடுப்பது மாணவர்களும் சேர்ந்த குழு. இதற்குச் சம்மதிக்காதவரை அன்போடு விட்டுவிடுங்கள். கவியரங்கத்துக்கு வேறொரு நாள் கூப்பிட்டுக்கொள்ளலாம். நான் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சந்தோசமாகவே ஒப்புக்கொண்டார்கள்.

மேசையில் நடப்பது

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். கவிஞருக்குத் தனி நாற்காலி, தனி முந்திரிப் பக்கோடா எதுவும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே டீ, ஒரே பஜ்ஜி. பொன்னாடைக் காசில் இருபது நோட்டு வாங்கலாம்.

கவிஞரின் வரைவை முதலில் எடுங்கள். நகல் எடுத்து எல்லார் கையிலும் கொடுத்துவிட்டு, ஒரு மாணவர் வாசிக்கட்டும். அடுத்த பத்து நிமிடம் எழுதியவர் பேசக் கூடாது. இந்த விதி மாணவருக்கும் பொருந்தும், கவிஞருக்கும் பொருந்தும். முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் பெரியவர் முன்னால் ‘ங்க’ சேர்த்துத் தலையாட்டி வளர்ந்தவர்கள். “கருத்துச் சொல்லுங்கள்” என்றால் “நல்லாருக்குதுங்க” என்பார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள்: “இதில் எந்த வரியை எடுத்தாலும் கவிதைக்கு ஒன்றும் ஆகாது?” ஒருமுறை முதலாண்டு மாணவி ஒருத்தி, “மூணாவது வரில ஒரு ‘போல’ அதிகமுங்க சார்” என்றாள். அறையே உறைந்துவிட்டது. கவிஞர் மனசுக்குள் ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலால் அடித்தார். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க எனக்கு வேலையே இல்லை, அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

மாணவர் கவிதைக்கு வரும்போது கவிஞர்கள் சிலர் தாங்களே வரியை மாற்றி எழுதித் தருவார்கள். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படி வந்த வரி அந்தக் கவிதையில் ஒட்டாமல் தனியாகத் தெரியும். கேள்வியாக மட்டும் கேளுங்கள் என்று தேநீர் நேரத்தில் காதோடு சொல்லிவைப்பது நல்லது.

தேர்வும் ஒப்புதலும்

டிசம்பர் விடுமுறைக்குள் எல்லாக் கவிதையும் கைக்கு வந்துவிட வேண்டும். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுத் தட்டச்சு செய்யுங்கள், கவிஞர்களுடையதையும் சேர்த்து. குழுவில் மூன்று மாணவர், ஒரு கவிஞர், நீங்கள். கவிஞர் கவிதை தள்ளுபடியானால் கடிதம் எழுத வேண்டியது நீங்கள்தான். அந்த வேலையை மாணவர் தலையில் கட்டாதீர்கள்.

தொகுப்பில் கவிஞர்களை முன்னால் நிறுத்தி மாணவர்களைப் பின்னால் அடுக்காதீர்கள். கவிதைக்குக் கவிதை பொருந்துகிற வரிசையில் கலந்து வையுங்கள். எழுத்தின் அளவு ஒன்றே. அறிமுகக் குறிப்பு எல்லாருக்கும் இரண்டே வரி. விருதுப் பட்டியல் வேண்டாம். வாழ்த்துரையும் வேண்டாம். இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். அப்போது வேலை பார்த்த இடத்தில் நிர்வாகம் தொடங்கி ஒவ்வொருவராக வாழ்த்துரை கொடுத்து, படத்தோடு பதினொரு பக்கம் போய்விட்டது. இடம் போதாமல் ஒன்பது மாணவர் கவிதை வெளியே நின்றது. இப்போதெல்லாம் பின்னட்டையில் கல்லூரியின் பெயரைப் போட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அனுமதிப் படிவம் ஒரு பக்கம் போதும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி எழுதியவருக்கே உரிமை. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு தொடரும். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘இந்தத் தொகுப்பில் மட்டும் வெளியிட அனுமதிக்கிறேன், உரிமை என்னிடமே இருக்கும்’ என்று எழுதிவிட்டால் குழப்பமில்லை. முதலாண்டில் 18 நிறையாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

இந்தப் படிவத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கவிதை வீட்டுக்குப் போகும். ஒரு பெண் எழுதிய காதல் கவிதையை அவள் சித்தப்பா வாசிப்பார். சாதியைப் பற்றி எழுதிய பையன் ஊருக்குள் இருக்க வேண்டியவன். திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் தன் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதும் நம் பக்கத்தில் நடந்தவைதான். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாணவரிடமும் தனியாக உட்கார்ந்து, “இதை உங்கள் வீட்டில் வாசித்தால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். புனைபெயர் வேண்டுமா, ஊர்ப்பெயரை எடுத்துவிடலாமா, அல்லது இந்தக் கவிதை இன்னும் இரண்டு வருடம் நோட்டிலேயே இருக்கட்டுமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். கடைசி மெய்ப்பு வரைக்கும் திரும்பப் பெறலாம் என்று வாக்குக் கொடுங்கள். அப்படித் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. நான் காரணம் கேட்டதில்லை.

அச்சகம்

ஒரு பாரம் 16 பக்கம். ஐந்து பாரம் என்றால் 80 பக்கம், இருபத்தைந்து பேருக்குத் தாராளம். 1/8 டெமி அளவு கவிதைக்குப் பொருந்தும். ஆனால் நீள வரி எழுதுகிறவர்களிடம் அது மடிந்துவிழும் என்று முன்கூட்டியே சொல்லி, எங்கே மடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூறு, இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சே போதும்.

நாம் ஒருங்குறியில் (யூனிகோடு) கொடுப்பதைச் சில அச்சகங்களில் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஒற்று தொலையும், வரிமுறிவு காணாமல் போகும். ஒருமுறை பதினான்கு வரிக் கவிதை ஒரே பத்தியாக அச்சாகிவிட்டது. வெளியீட்டில் பேசியவர் அதை அருமையான உரைநடைக் கவிதை என்று பாராட்டினார். எழுதிய பையன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அதிலிருந்து மூன்று மெய்ப்பு பார்க்கிறோம், மூன்றும் காகிதத்தில். முதல் மெய்ப்பு எழுதியவருக்கே போகும். இரண்டாவதை வேறொருவர் மூலப்படியோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். மூன்றாவதில் பக்க எண்ணும் பெயர்களும் மட்டும் பார்த்தால் போதும். பெயரில்தான் பிழை வரும், அதுவும் தவறாமல் கவிஞர் பெயரில் வரும்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையில் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். நாளாகும் என்பதால் டிசம்பரிலேயே கல்லூரியைப் பதிப்பாளராகக் காட்டி விண்ணப்பித்துவிடுங்கள். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கல்லூரி வெளியீடுகளில் இது பெரும்பாலும் மறந்துபோகிற வேலை.

வானம்பாடி விலையில்லாமல் போனது என்று சொன்னேன். நம் தொகுப்புக்கு நான் விலை போடச் சொல்வேன். இலவசப் புத்தகத்தை விழா முடிந்ததும் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். எழுதிய ஒவ்வொருவருக்கும், மாணவரோ கவிஞரோ, இரண்டு பிரதி இலவசம். மற்றவர் காசு கொடுத்து வாங்கட்டும்.

வெளியீடும் கணக்கும்

மார்ச் முதல் வாரத்துக்குள், ஹால் டிக்கெட் கொடுக்கும் முன்னால் வெளியிட்டுவிடுங்கள். அதற்கு அப்புறம் இறுதியாண்டு மாணவரைப் பிடிக்க முடியாது. ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு மாணவர் கவிஞரின் கவிதையை வாசிக்கட்டும், கவிஞர் மாணவரின் கவிதையை வாசிக்கட்டும். நம் துறையில் நடக்கிற விழாக்களில் நான் விரும்பிப் போகிற இடம் இது ஒன்றுதான்.

பில்கள் எல்லாம் மார்ச் 31க்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த பிறகு கொண்டுபோனால் அலுவலகத்தில் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. அச்சக பில், மதிப்பூதிய வவுச்சர், டீக்கடை ரசீது என எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

மிச்சப் பிரதிகளைத் துறை பீரோவில் பூட்டாதீர்கள். ஜூலையில் கோவையில் கொடிசியா புத்தகத் திருவிழா வரும். ஆகஸ்டை ஒட்டி ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005லிருந்து நடத்திவரும் புத்தகத் திருவிழா வரும். தெரிந்த பதிப்பக அரங்கு ஒன்றில் இருபது பிரதி வைக்கக் கேளுங்கள். விற்பனைக் கழிவு எவ்வளவு என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள். படித்து முடித்து வெளியே போன பிள்ளைகள் இரண்டு பேரை அரங்கில் நிற்கச் சொல்லி, கையில் ஒரு பில் புத்தகமும் ஒரு நோட்டும் கொடுங்கள். வாங்குகிறவர் பெயரும் ஊரும் நோட்டில் ஏறட்டும். அதில் கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ, தானும் எழுதுவதாகச் சொல்கிற கல்லூரிப் பிள்ளை ஒன்று இருந்தால், அந்தப் பக்கத்தை மடித்துவைத்து எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள்.